கண் மாத்திரையும் இண்டெக்ஸ் ஃபண்டும்: முதியவர்களிடம் விற்கப்படும் இரண்டு பொருட்களின் மதிப்பீடு

ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களைக் குறிவைத்துப் 'பாதுகாப்பு' என்ற பெயரில் விற்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு விளம்பரத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அந்தக் கூட்டத்தில் இரண்டு பொருட்கள் தனித்து நிற்கின்றன. ஒன்று, முதுமையில் நடுப்பார்வை அழிவதைத் தள்ளிப்போடும் 'ஏரெட்ஸ் 2' கலவை மாத்திரை. மற்றொன்று, பங்குச் சந்தைக் குறியீட்டை (சந்தையின் போக்கை அளக்கத் தேர்ந்தெடுத்த பங்குகளின் பட்டியலை) அப்படியே பின்தொடரும் முதலீட்டு நிதியான இண்டெக்ஸ் ஃபண்ட். இரண்டும் நீண்ட காலச் சோதனையில் தேறியவை. ஆனால் இரண்டின் பெயரையும் ஒட்டிக்கொண்டு, அந்தச் சோதனையின் பக்கமே போகாத பல பொருட்கள் அதே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உண்மையான பொருளும்கூடக் குறிப்பிட்ட நிலையில் இருப்பவருக்கு மட்டுமே பயன் தரும் என்பதை விற்பவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. ஆகவே நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, யாருக்கு நல்லது, எவ்வளவு நல்லது என்று கேட்டே இவற்றை மதிப்பிட வேண்டும்.

முதலில் மாத்திரை. விழித்திரையின் நடுவில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமே உள்ள மாகுலா என்ற பகுதிதான் எழுத்தை வாசிப்பதற்கும், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதற்கும் பொறுப்பானது. வயது ஏற ஏற விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகள் சேருகின்றன. சிறு படிவுகள் முதுமையின் இயல்பு; அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. படிவு 125 மைக்ரானை (ஒரு மில்லிமீட்டரின் எட்டில் ஒரு பங்கை) தாண்டிப் பெரிதானால் அதை மாகுலா சிதைவின் இடைநிலை என்கிறார்கள். அதற்கு அப்பால் நோய் இரண்டு வழிகளில் முற்றக்கூடும்: திசுக்கள் திட்டுத்திட்டாக அழிந்துபோகும் உலர் வகை ஒன்று, புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்கள் கசிந்து பார்வையை விரைவில் கெடுக்கும் ஈர வகை மற்றொன்று. இடைநிலையில் இருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு மருத்துவர் விழித்திரையைப் பார்த்தால்தான் தெரியவரும்.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. 55 முதல் 80 வயது வரையிலான 3,640 பேர், சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்காணிக்கப்பட்டார்கள். வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் இ 400 ஐ.யு. (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு), பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் நிறமி) 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், தாமிரம் 2 மில்லிகிராம் என்பது அன்றைய கலவை. இடைநிலையில் இருந்தவர்கள், ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியவர்கள் ஆகியோரிடையே ஐந்து ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு, வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு 28 சதவீதமாகவும் முழுக் கலவையை உண்டவர்களுக்கு 20 சதவீதமாகவும் இருந்தது. விளம்பரங்களில் காணப்படும் '25 சதவீதம் குறைவு' என்ற வாசகம் இந்த ஆய்விலிருந்து வந்ததே, அது பொய்யுமல்ல. ஆனால் அதே செய்தியை, 100 பேர் ஐந்து ஆண்டுகள் தவறாமல் உண்டால் அவர்களில் 8 பேருக்கு நோய் முற்றாமல் தள்ளிப்போகும் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவது வாசகமே நேர்மையானதாகப் படுகிறது. எட்டுப் பேரின் நடுப்பார்வை என்பது சிறிய விஷயமல்ல; மற்ற தொண்ணூற்று இரண்டு பேருக்கு மாத்திரையால் முடிவு மாறவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அதை விற்பனையாளர்கள் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை. நோயே இல்லாதவர்களுக்கும், சிறு படிவுகள் மட்டுமே உள்ள தொடக்க நிலையினருக்கும் இந்தக் கலவையால் பயன் ஏதும் தென்படவில்லை. கண்புரையைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இது உதவவில்லை. கண் நீர் அழுத்த நோய்க்கும், நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மூக்குக் கண்ணாடியின் எண்ணைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. 'குடும்பத்தில் எல்லோரும் உண்ணலாம்' என்ற பரிந்துரையும் இதே ரகம்.

கலவையின் வரலாற்றில் பீட்டா கரோட்டின் பெற்ற இடமும் இழந்த இடமும் சற்று விரிவாகப் பார்க்கத்தக்கவை, ஏனென்றால் 'வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்' என்ற நினைப்பை அது அடியோடு அசைத்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வு, பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்ததை 1994-இல் காட்டியது. அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வை, அதே திசையில் முடிவுகள் வருவதைக் கண்டு, 1996-இல் முன்கூட்டியே நிறுத்தினார்கள். எனவே 2006-இல் தொடங்கிய ஏரெட்ஸ் 2 ஆய்வில், 50 முதல் 85 வயது வரையிலான 4,203 பேரிடம், பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டின் 10 மில்லிகிராமும் ஸியாசாந்தின் 2 மில்லிகிராமும் சேர்த்துச் சோதித்தார்கள். இவை மாகுலாவிலேயே இயற்கையாகச் சேர்ந்திருக்கும் மஞ்சள் நிறமிகள். 2013-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் உண்ட பிரிவில் 2 சதவீதத்தினருக்கும், உண்ணாத பிரிவில் 0.9 சதவீதத்தினருக்கும் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே புகைப்பிடித்தலை விட்டவர்கள். பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. அவற்றில் லூட்டினும் ஸியாசாந்தினும் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டவில்லை. நோய் முற்றுவதைத் தடுப்பதிலும் பீட்டா கரோட்டினைவிட அவை ஒரு படி மேலாகவே இருந்தன. ஒமேகா 3 மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பழைய கலவை சில இடங்களில் கிடைக்கிறது. ஒமேகா 3 சேர்த்த கலவை 'மேம்பட்டது' என்ற பெயரில் கூடுதல் விலைக்குப் போகிறது.

ஆகவே இந்தப் பொருளை வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது டப்பாவின் பின்புறம். முன்புறத்தில் கண் படமும் 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்ற வரியும் இருக்கும், அவற்றால் பயனில்லை. பின்புறத்தில் 'ஒரு வேளை அளவு' என்ற வரியைத் தேட வேண்டும். சில டப்பாக்களில் அட்டவணையில் உள்ள அளவுகள் ஒரு மாத்திரைக்கு உரியவை அல்ல. இரண்டு மாத்திரைகளுக்கு உரியவை. அதைக் கவனிக்காமல் ஒன்றே உண்பவர், சோதிக்கப்பட்ட அளவில் பாதியையே உண்கிறார். அடுத்து லூட்டின் 10, ஸியாசாந்தின் 2, வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் இ 400 ஐ.யு., தாமிரம் 2 மில்லிகிராம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். துத்தநாகம் 80 அல்லது 25 மில்லிகிராம் இருக்கலாம். ஏரெட்ஸ் 2-இல் இரண்டு அளவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பீட்டா கரோட்டின் என்ற சொல் பட்டியலில் எங்காவது இருந்தால், புகைப்பிடிப்பவரும் முன்பு புகைத்தவரும் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிட வேண்டும். அவுரிநெல்லிச் சாறு, சாமந்திப் பூச் சாறு, 'கண்ணுக்கான மூலிகைக் கூட்டு' என்றெல்லாம் அளவு குறிப்பிடாமல் எழுதியிருப்பவை இந்த ஆய்வின் நற்பெயரைக் கடன் வாங்கியவை, அவ்வளவுதான். (லூட்டின் பெரும்பாலும் சாமந்திப் பூவிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது உண்மைதான், ஆனால் எத்தனை மில்லிகிராம் என்று எழுதாத வரை பூவின் பெயரால் ஒன்றும் நிரூபணமாவதில்லை.)

பக்கவிளைவுகள் குறைவு, இல்லாமல் இல்லை. 80 மில்லிகிராம் துத்தநாகம் என்பது வயது வந்தோருக்கு அமெரிக்க வழிகாட்டுதல் வகுத்திருக்கும் அன்றாட உச்ச வரம்பான 40 மில்லிகிராமின் இரு மடங்கு. முதல் ஆய்வில் துத்தநாகம் உண்டவர்களிடையே சிறுநீர்ப் பாதைக் கோளாறுகளுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சற்று அதிகமாக இருந்தார்கள். துத்தநாகம் மிகுந்தால் தாமிரம் உடலில் சேராமல் இரத்தசோகை வரக்கூடும் என்பதால்தான் கலவையில் தாமிரமும் வைக்கப்பட்டது. தாமிரமில்லாத மலிவுப் பதிப்பை ஒதுக்குவதற்கு அந்த ஒரு காரணமே போதும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர் வைட்டமின் இ-யின் இந்த அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகளோடு துத்தநாகத்தைச் சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வெறும் வயிற்றில் உண்டால் குமட்டும். லூட்டின் கொழுப்பில் கரைவது என்பதாலும் உணவோடு உண்பதே சரி.

உணவு போதாதா என்ற கேள்வி நியாயமானது. லூட்டினைப் பொறுத்தவரை போதும்: சமைத்த பாலக்கீரை ஒரு கிண்ணம் அந்த 10 மில்லிகிராமைத் தாண்டிவிடும், மக்காச்சோளத்திலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் அளவு குறைவு, ஆனால் மஞ்சள் கருவில் உள்ளது எளிதில் உடலில் சேரும். 80 மில்லிகிராம் துத்தநாகமோ 400 ஐ.யு. வைட்டமின் இ-யோ சாதாரணச் சாப்பாட்டில் கிடைப்பது கடினம். அதனால் இடைநிலை நோயாளிக்கு உணவு மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. நோயில்லாதவருக்கோ கீரையும் மீனும் காய்கறியும் நிறைந்த உணவு, புகையிலையை விடுவது, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவைதான் முதல் வரிசை. வார்ஃபரின் உண்பவர்களுக்கு இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது.

சரியான கலவையாக இருந்து, மருத்துவர் இடைநிலை என்றோ ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியிருக்கிறது என்றோ கூறியவருக்கு நான் இந்த மாத்திரையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு இது செலவு மட்டுமே.

இனி ஃபண்ட். இங்கே சரக்கு எளிமையானது. ஆகவே விரித்துச் சொல்ல அதிகமில்லை. ஒரு குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, யாருடைய ஊகத்துக்கும் இடம் தராமல் இருப்பதுதான் இண்டெக்ஸ் ஃபண்டின் வேலை. 1976-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான வான்கார்டை நிறுவிய ஜான் போகிள் சாதாரண முதலீட்டாளர்களுக்கென்று இதைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டு, 1 கோடியே 10 லட்சத்தைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. சந்தையில் இருந்தவர்கள் அதைப் 'போகிளின் முட்டாள்தனம்' என்று கேலி செய்தார்கள். பிறகு கணக்கு கேலியை வென்றது. சந்தையில் உள்ள எல்லோருடைய ஆதாயத்தின் சராசரி சந்தையின் ஆதாயம்தான் என்பதால், கட்டணத்தைக் கழித்தபின் தேர்ந்தெடுத்து வாங்குபவர்களின் சராசரி சந்தைக்குக் கீழேதான் இருக்க முடியும் என்று பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் 1991-இல் எழுதினார். அமெரிக்கப் பெரு நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஃபண்டுகளை, சந்தைக் குறியீடுகளை வெளியிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் தொடர்ந்து அளந்துவருகிறது. பதினைந்து ஆண்டுக் கணக்கில் அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, குறியீட்டை எட்டவில்லை.

கட்டணத்தின் பங்கை ஒரே கணக்கில் காட்டிவிடலாம். சந்தை ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.2 சதவீதம் கட்டணம் பிடிக்கும் ஃபண்டில் போட்ட 100, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 373 ஆகும், 1.5 சதவீதம் பிடிக்கும் ஃபண்டில் 292 ஆகும். இடைவெளியான 81, போட்ட முதலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். செலவு விகிதம் என்று ஃபண்டின் தகவல் தாளில் அச்சாகியிருக்கும் அந்தச் சிறிய எண்ணை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்பது ஃபண்ட் நிறுவனங்களுக்குத் தெரியும். குறியீட்டின் வளர்ச்சிக்கும் ஃபண்டின் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தையும் உடன் பார்க்க வேண்டும். கட்டணம் குறைவாக இருந்தும் அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் நிர்வாகம் சரியில்லை என்று பொருள்.

மாத்திரை டப்பாவில் கண்ட பெயர்க் குழப்பம் இங்கும் உண்டு. ஒரே துறையின் பங்குகளை மட்டும் அடக்கிய ஃபண்டும், அன்றைக்கு எல்லோரும் பேசும் ஒரு தொழில்நுட்பத்துக்கென்று அவசரமாக உருவாக்கிய குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டும், குறியீட்டின் அன்றாட அசைவை இரு மடங்காக்கும் ஃபண்டும் 'இண்டெக்ஸ்' என்ற சொல்லைத்தான் தாங்கி வருகின்றன. கடைசி வகையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். குறியீடு 100-இலிருந்து 10 சதவீதம் விழுந்து 90 ஆகி, மறுநாள் 11.11 சதவீதம் ஏறி மீண்டும் 100-ஐத் தொடுகிறது. இரு மடங்கு ஃபண்ட் முதல் நாள் 80-க்கு விழுந்து, மறுநாள் 22.22 சதவீதம் ஏறினாலும் 97.78-இல்தான் நிற்கும். சந்தை இருந்த இடத்துக்கே வந்துவிட்டது, முதலீட்டாளர் வரவில்லை. ஏற்ற இறக்கம் நீளும்போது இந்த இழப்பும் சேர்ந்துகொண்டே போகும். ஓய்வுக் காலப் பணத்துக்கு இப்படியொரு பொருளைச் சிபாரிசு செய்பவரை நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

பரந்த சந்தையைப் பின்தொடரும் உண்மையான இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் எல்லை உண்டு. அது பங்குத் தேர்வில் நேரும் தவறிலிருந்து காக்கும். சந்தை விழுவதிலிருந்து காக்காது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் சுமார் 500-ஐ அடக்கிய எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை சுமார் 57 சதவீதம் சரிந்தது. 57 சதவீத வீழ்ச்சியிலிருந்து மீள 133 சதவீதம் ஏற வேண்டும். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பது வயதில் வாங்கியவருக்குக்கூட முப்பத்து நான்கு ஆண்டுகள் என்பது நீண்ட காத்திருப்பு; அறுபத்தைந்தில் வாங்கியவருக்கு அதைப் பற்றிப் பேசுவதே வீண். மாதந்தோறும் செலவுக்குப் பணம் எடுப்பவருக்கு இது இன்னும் கடுமையாகும். விலை விழுந்த நேரத்தில் கூடுதல் யூனிட்டுகளை (ஃபண்டில் அவருக்குரிய கூறுகளை) விற்க நேர்வதால், சந்தை எழும்போது எழுவதற்கு அவரிடம் குறைவான யூனிட்டுகளே மிஞ்சும். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் தேவைப்படும் பணம் வைப்பு நிதியிலோ குறுகிய காலக் கடன் பத்திரங்களிலோ இருக்க, அதற்கு அப்பாலுள்ள பணத்துக்கு மட்டும் இந்த ஃபண்டை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஒரே நாட்டின் குறியீட்டோடு நிற்காமல் பல நாடுகளுக்கும் பரவிய குறியீட்டைத் தேர்ந்தால் ஜப்பானிய அனுபவத்தின் வலி பெருமளவு குறையும்.

இரண்டு பொருட்களுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. அது தயாரிப்பாளர்கள் நினைத்தால் நாளையே தீர்க்கக்கூடியது. மாகுலா சிதைவு உள்ளவர்களுக்கு எழுத்தின் அளவு மட்டும் பிரச்சினையல்ல. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டை உணரும் திறனும் சேர்ந்தே குறைகிறது. அவர்களுக்கென்றே விற்கப்படும் மாத்திரை டப்பாக்களில் அளவுப் பட்டியலை வளைந்த பரப்பின் மேல், பளபளக்கும் தாளில், பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள். ஃபண்டின் கணக்கு அறிக்கையில் கட்டண விவரத்தை வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்தில் வைக்கிறார்கள். கைப்பேசியின் கேமராவால் படமெடுத்துப் பெரிதாக்கி, நிறங்களைத் தலைகீழாக்கிக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் படித்தால் பெரும்பாலானவை தெளிவாகத் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு பங்குகளும் ஐந்தாறு ஃபண்டுகளும் வைத்திருப்பவரைவிட, ஒன்றிரண்டு இண்டெக்ஸ் ஃபண்டுகள் மட்டும் வைத்திருப்பவருக்குப் பார்வை மங்கும் காலத்தில் படிக்க வேண்டியதும் கையெழுத்திட வேண்டியதும் குறைவு என்பது இந்தப் பொருளின் மதிப்பீடுகளில் யாரும் குறிப்பிடாத ஒரு நன்மை. இடைநிலை நோய் உள்ளவர் வீட்டில் ஆம்ஸ்லர் கட்ட அட்டை (நடுவில் புள்ளியும் கட்டம் கட்டமாக நேர்க்கோடுகளும் உள்ள அட்டை) ஒன்றை வைத்துக்கொண்டு, வாசிப்புக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்த்து, பிறகு மறு கண்ணாலும் அப்படியே பார்க்க வேண்டும். நேர்க்கோடுகள் நெளிந்தோ விடுபட்டோ புதிதாகத் தெரிந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை பொறுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஈர வகைக்கான ஊசி மருந்து எவ்வளவு விரைவாகத் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு பார்வை மிஞ்சும். அதே காலகட்டத்தில், எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும்போதே, ஃபண்ட் கணக்கில் வாரிசு நியமனத்தைப் பதிவுசெய்து, கணக்கின் விவரங்களை நம்பிக்கையான ஒருவருக்குக் காட்டிவைப்பது நல்லது. கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.